சர்வர் வாங்காமல் அலுவலகம் முழுக்கப் பிரிண்ட்: எந்த வழி தாங்கும், எது காலை வாரும்?

பத்துப் பதினைந்து கணினிகள், ஒன்றிரண்டு பிரிண்டர்கள், ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச். இந்த அளவு அலுவலகத்துக்குப் பிரிண்ட் சர்வர் என்று தனி இயந்திரம் வாங்கி, அதற்கு லைசென்ஸ் கட்டி, பராமரிக்க ஆளும் தேடுவது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலை. சர்வர் இல்லாமலே எல்லாக் கணினிகளிலிருந்தும் அச்செடுக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் தொல்லையில்லாமல் வருஷக்கணக்கில் ஓடுவது ஒன்றுதான். அதற்குத் தனியாகக் காசு வேண்டாம், விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் அதைத் தொடாமல், ஒரு கணினியில் யூஎஸ்பி பிரிண்டரைச் செருகி ஷேர் செய்துவிட்டு, மாதம் ஒருமுறை தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

முதலிடம்: பிரிண்டருக்கு நேராக அனுப்புவது

பிரிண்டரில் லேன் சாக்கெட் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஒவ்வொரு கணினியும் பிரிண்டரின் ஐபி முகவரிக்கு (நெட்வொர்க்கில் அதன் வீட்டு எண்), 9100 என்ற போர்ட் எண்ணில் (அந்த வீட்டில் அச்சுக்கான வாசல்), நேராகத் தரவை அனுப்பும். நடுவில் தரகர் கிடையாது. யாருடைய கணினி அணைந்திருந்தாலும், யார் பாஸ்வேர்டை மாற்றினாலும் மற்றவர்களுக்கு அச்சு வந்துகொண்டிருக்கும். விண்டோஸில் இதற்குப் பெயர் ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்.

தொடங்க வேண்டிய இடம் கணினி அல்ல, பிரிண்டர். அதன் பேனலிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்செடுங்கள். அதில் ஐபி முகவரியும் மேக் முகவரியும் (கருவிக்குத் தயாரிப்பிலேயே பதிந்த அடையாள எண்) இருக்கும். ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் சுவிட்ச் விளக்கையும் முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து அந்த முகவரி மாறாமல் இருக்க வழி செய்ய வேண்டும். இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் பகுதி) பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்குவது. மற்றொன்று, பிரிண்டரிலேயே கையால் முகவரி கொடுப்பது. ரவுட்டர் உங்கள் சொந்தப் பொருள் என்றால் முதல் முறை நல்லது, எல்லா முகவரிகளும் ஒரே பக்கத்தில் தெரியும். இணைய இணைப்புக் கொடுப்பவர் தந்த ரவுட்டர், பழுதானால் அவரே மாற்றிவிட்டுப் போவார் என்றால் இரண்டாவது முறைதான் பாதுகாப்பு. ரவுட்டர் போனால் ஒதுக்கீடும் அதோடு போய்விடும். கையால் கொடுக்கும்போது டிஹெச்சிபி வழங்கும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் 192.168.1.100 முதல் 200 வரை வழங்குகிறது என்றால் பிரிண்டருக்கு 192.168.1.240, அடுத்ததற்கு 241. சப்நெட் மாஸ்க் 255.255.255.0.

இங்கே பலர் வழுக்கி விழும் ஒரு படி உண்டு. கேபிளும் வைஃபையும் இரண்டும் உள்ள பிரிண்டரில் இரண்டுக்கும் தனித்தனி மேக் முகவரி. பெட்டிமேல் ஒட்டியிருக்கும் எண் வைஃபையுடையதாக இருந்து, நீங்கள் இணைத்தது கேபிளாக இருந்தால் ஒதுக்கீடு வேலை செய்யாது. கான்ஃபிகரேஷன் பக்கத்தில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

இப்போது கணினிக்கு வாருங்கள். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் திறந்து ஆட் டிவைஸ் அழுத்தினால் விண்டோஸ் தானாகத் தேடி, பிரிண்டரைக் கண்டுபிடித்து, பெருமையாகக் காட்டும். அதைத் தொடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் கீழே, கேட்ட பிரிண்டர் பட்டியலில் இல்லை என்ற வரி வரும். அதன் பக்கத்தில் உள்ள ஆட் மேனுவலி பொத்தானை அழுத்தி, ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் தேர்வுக்குப் போங்கள். டிவைஸ் டைப் என்ற இடத்தில் ஆட்டோடிடெக்ட் என்று இருப்பதை டிசிபி/ஐபி டிவைஸ் என்று மாற்றுங்கள். முகவரியைத் தட்டுங்கள். பிரிண்டரைக் கேட்டு டிரைவரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்த டிரைவரைக் காட்டுங்கள். ஷேர் செய்யலாமா என்று கேட்டால் வேண்டாம். சோதனைப் பக்கம் வந்தால் அந்தக் கணினி முடிந்தது. டிரைவர் கைவசம் இருந்தால் கணினிக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

தானாகத் தேடிச் சேர்ப்பதை ஏன் தவிர்க்கச் சொல்கிறோம்? அப்படிச் சேர்க்கும்போது விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டை உருவாக்குகிறது. அது பிரிண்டரை முகவரியால் அல்ல, நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை. பிரிண்டர் தூக்கத்துக்குப் போய் அந்த அழைப்புக்குப் பதில் சொல்லாவிட்டால், பிரிண்டர் கண்முன்னே பச்சை விளக்கோடு நிற்கும், கணினி மட்டும் ஆஃப்லைன் என்று அடம்பிடிக்கும். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், மறுநாள் மீண்டும் வரும். இந்த நோய் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று பார்க்க, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறங்கள். டிக் விழுந்திருக்கும் வரியில் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் நீண்ட பெயர் இருந்தால் அதுதான். பிரிண்டரை நீக்க வேண்டியதில்லை. அதே பக்கத்தில் ஆட் போர்ட், ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட், முகவரி. டிக் புதிய போர்ட்டுக்கு மாறியிருந்தால் போதும்.

டிசிபி/ஐபி போர்ட்டிலும் பொய்யான ஆஃப்லைன் வரும், ஆனால் காரணம் வேறு. எஸ்என்எம்பி என்ற நெறிமுறையில் விண்டோஸ் பிரிண்டரின் நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். பிரிண்டரில் எஸ்என்எம்பி அணைக்கப்பட்டிருந்தாலோ, அதன் கம்யூனிட்டி பெயர் (பாஸ்வேர்டு மாதிரியான ஒரு சொல்) 'பப்ளிக்' என்பதிலிருந்து மாற்றப்பட்டிருந்தாலோ பதில் வராது. உடனே ஆஃப்லைன். போர்ட்ஸ் பக்கத்தில் கான்ஃபிகர் போர்ட் அழுத்தி, எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு என்ற டிக்கை எடுத்தால் தீர்ந்தது. டோனர் அளவு கணினியில் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான் இழப்பு. அதே சாளரத்தில், தரவை அனுப்பும் விதமாக ரா, எல்பிஆர் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ரா தேர்வில் 9100 இருக்கட்டும். எல்பிஆர் தேர்ந்தெடுத்தால் க்யூ பெயரும் சரியாகத் தர வேண்டும், ஒரு எழுத்து பிசகினாலும் வேலை நடக்காத பிரிண்டர்கள் உண்டு. வேறு வழியில்லாதபோது மட்டும் அது.

இந்த முறையின் குறைகளையும் மறைக்க வேண்டாம். பொது வரிசை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கணினியிலும் தனி வரிசை, பிரிண்டர் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும், மற்றவர்களின் வேலை அவரவர் கணினியில் காத்திருக்கும். யார் அனுப்பிய இருநூறு பக்கம் ஓடுகிறது என்று பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாது. பிரிண்டரின் பேனலில் கேன்சல் அழுத்தினால் சில நேரம் அனுப்பிய கணினி அதே வேலையை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் அனுப்பும். எனவே வரிசை முக்கியம்: முதலில் அனுப்பிய கணினியில் நீக்க வேண்டும், பிறகு பேனலில். கணினியிலும் நீங்காமல் டிலீட்டிங் என்றே நின்றால், சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் விண்டோஸ் பகுதி) நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைக் காலி செய்து, ஸ்பூலரை மீண்டும் தொடங்குங்கள். கோப்புறைக்குள் உள்ளவற்றை மட்டும் அழிக்க வேண்டும், கோப்புறையை அல்ல.

இன்னொரு குறை, அமைப்புகள் கணினிக்குக் கணினி வேறாகிவிடுவது. ஒரு கணினியில் மட்டும் தாள் அளவு லெட்டர் என்று இருந்தால், ஏ4 தாள் நிறைந்த ட்ரேயை வைத்துக்கொண்டே பிரிண்டர் லெட்டர் தாள் கேட்டு நிற்கும். அந்த ஒரு வேலைக்குப் பின்னால் அலுவலகமே காத்திருக்கும். நிறுவிய கையோடு பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் என்று போய் ஏ4, இருபக்கம், கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் அமைத்துவிடுங்கள். பிரிண்டிங் ப்ரிஃபரென்ஸஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் மாற்றினால் அந்தக் கணினியில் அப்போது உள்நுழைந்திருப்பவருக்கு மட்டும்தான் பொருந்தும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. இருபக்க அச்சுத் தேர்வு மங்கலாகத் தெரிந்தால் பிரிண்டரில் குறை இல்லை. டிவைஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் டூப்ளெக்ஸ் யூனிட் பொருத்தப்படவில்லை என்று இருக்கும். இரண்டாவது ட்ரேயும் அங்கேயேதான். இருப்பதை இருக்கிறது என்று நாமே சொல்ல வேண்டும். அப்படியே, இயல்பான (டிஃபால்ட்) பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தேர்வையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே அது இயல்பானதாக ஆக்கிக்கொள்ளும், கடிதம் போக வேண்டிய இடத்துக்குப் பிடிஎஃப் சேமிக்கும் சாளரம் வந்து நிற்கும்.

தமிழில் அச்செடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழிகளில் ஒன்று பிசிஎல். சில பிசிஎல் டிரைவர்களில் திரையில் சரியாக இருக்கும் தமிழ் எழுத்து தாளில் கொம்பும் காலும் இடம் மாறியோ கட்டம் கட்டமாகவோ வரும். எழுத்துருவைப் பிரிண்டருக்கு அனுப்பும் விதத்தில் உள்ள கோளாறு இது. டிரைவரின் அட்வான்ஸ்டு பகுதியில் ட்ரூடைப் எழுத்துருக்களைப் பிட்மேப்பாக அனுப்பும் தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். பிடிஎஃப் என்றால் பிரிண்ட் அஸ் இமேஜ். கொஞ்சம் மெதுவாகும், எழுத்து உடையாது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழிக்கான டிரைவர் கிடைத்தால் அதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பதினைந்து கணினிகளிலும் உட்கார்ந்து இதையெல்லாம் செய்ய வேண்டுமா? ப்ரோ பதிப்பு என்றால் தேவையில்லை. பிரிண்ட் மேனேஜ்மென்ட் என்ற கருவியில் ஒரு கணினியின் பிரிண்டர், போர்ட், டிரைவர் மூன்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து மற்றவற்றில் இறக்குமதி செய்யலாம். புதிய பதிப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாக இதைச் சேர்க்க வேண்டியிருக்கும். பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைச் சாளரம்) தெரிந்தவர்களுக்கு மூன்று கட்டளைகள் போதும்: போர்ட்டைச் சேர், டிரைவரைச் சேர், பிரிண்டரைச் சேர். மூன்றாவது கட்டளை கடைசியில் வராவிட்டால் பிழைதான் வரும், ஏனெனில் அது முதல் இரண்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அட்மின் உரிமையோடு ஓட்ட வேண்டும். இப்படிச் சேர்த்த பிரிண்டர் கணினிக்கே சொந்தம், அதில் உள்நுழையும் எல்லோருக்கும் தெரியும். ஷேர் வழியாக இணைத்தது அந்தந்தப் பயனருக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தீர்ப்பு: லேன் சாக்கெட் உள்ள பிரிண்டர் இருந்தால் வேறு வழியைத் தேடவே வேண்டாம்.

ஷேர் செய்வது: பழைய நண்பர், இப்போது நம்ப முடியாதவர்

ஒரு கணினியில் யூஎஸ்பி பிரிண்டரை இணைத்து மற்றவர்களுக்குத் திறந்துவிடுவது ஒரு காலத்தில் இரண்டு கிளிக் வேலை. 2021ஆம் ஆண்டு ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. விண்டோஸ் ஸ்பூலர் வழியாக வெளியாள் கணினியையே கைப்பற்றலாம் என்பது அதன் சாரம். அதை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, ஷேர் வழியாக டிரைவர் இறக்க அட்மின் உரிமை கட்டாயமானது. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின் 11பி என்று முடியும் பிழை எண் அலுவலகம் அலுவலகமாகப் பரவியது. 709 என்று முடியும் பிழையும் அதன் உறவுதான். விண்டோஸ் 11இன் 22ஹெச்2 பதிப்பில் கணினிகள் பிரிண்டருக்காகப் பேசிக்கொள்ளும் வழியே மாறியது. 24ஹெச்2இன் ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் அணுகல் மூடப்பட்டது, விண்டோஸின் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியில் கையொப்பமும் கட்டாயமானது. ஒவ்வொன்றும் நியாயமான காரணத்துக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால் ஒரு கணினி அப்டேட் ஆகி மற்றொன்று ஆகாமல் இருக்கும் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை அச்சு நின்றுபோக இவை போதும்.

இந்தப் பிழைகளுக்கு இணையத்தில் கிடைக்கும் மருந்து, அப்டேட்டை நீக்கு அல்லது ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு என்பது. வேலை செய்யும், ஓட்டையும் மீண்டும் திறக்கும். வீட்டுச் சாவி சிக்குகிறது என்று கதவையே கழற்றி வைப்பது போல. அதைவிட நல்ல சுற்றுவழி இருக்கிறது. பிரிண்டர் கேட்கும் கணினியில், டிரைவரை முதலில் நீங்களே நிறுவிவிடுங்கள். பிறகு லோக்கல் பிரிண்டர் சேர்க்கும் தேர்வில் புதிய போர்ட், வகை லோக்கல் போர்ட். போர்ட்டின் பெயராக இரண்டு பின்சாய்கோடுகள், பிரிண்டர் உள்ள கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர். டிரைவரை அந்தப் பக்கத்திலிருந்து இறக்கும் படியே இதில் இல்லாததால் பல பிழைகள் எழவே எழாது. ஷேர் பெயரில் இடைவெளி வேண்டாம், எட்டுப் பத்து எழுத்துக்குள் சுருக்கமாக இருக்கட்டும்.

பிரிண்டர் உள்ள கணினியில் செய்ய வேண்டியவை: நெட்வொர்க் வகை பப்ளிக் அல்ல, பிரைவேட். ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இயக்கம். அச்சுக்கென்றே அட்மின் அல்லாத ஒரு பயனர் கணக்கு, பாஸ்வேர்டோடு. அதே பெயரையும் பாஸ்வேர்டையும் மற்றக் கணினிகளின் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒருமுறை சேமித்துவிட்டால் மீண்டும் கேட்காது. ஸ்லீப்பை முழுக்க அணைக்க வேண்டும். அந்தக் கணினியின் உரிமையாளர் விடுப்பில் போனால் பிரிண்டரும் விடுப்பு, இதற்கு எந்த செட்டிங்கும் மருந்தல்ல. விண்டோஸின் சாதாரணப் பதிப்புகளில் ஒரே நேரத்தில் இருபது இணைப்புகள் வரைதான், அதையும் நினைவில் வையுங்கள்.

ஷேர் இன்னும் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ். பழைய டாஸ் மென்பொருள்கள் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட் தவிர வேறு எதையும் அறியாது. அங்கே ஷேர் செய்த பிரிண்டரை நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 என்று மாட்டிவிடுவது இன்றும் நல்ல தீர்வு. எழுத்து மட்டும் போகிறது என்றால் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரே வேகம்.

யூஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க்காக்கும் சிறு பெட்டிகள்

கடையில் பிரிண்ட் சர்வர் என்ற பெயரில் உள்ளங்கை அளவுப் பெட்டி கிடைக்கும். ஒரு பக்கம் லேன், மறுபக்கம் யூஎஸ்பி. இவற்றில் இரண்டு சாதிகள் உண்டு, அட்டைப்பெட்டியைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. முதல் வகை, 9100இல் வருவதை அப்படியே யூஎஸ்பியில் ஊற்றும் குழாய். மூன்று போர்ட் உள்ள பெட்டி என்றால் 9100, 9101, 9102 என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் புரியும் பிரிண்டருக்கு இது அருமையாகப் பொருந்தும், மேலே சொன்ன டிசிபி/ஐபி முறையே அப்படியே. ஆனால் விலை குறைந்த லேசர்கள் பலவும் ஹோஸ்ட் பேஸ்டு வகை. பக்கத்தை வரையும் வேலையைக் கணினியிடமே விட்டுவிட்டு, டிரைவரோடு இருவழியாகப் பேசிக்கொண்டே அச்சடிப்பவை. குழாய்ப் பெட்டியில் பதில் பேச வழியில்லாததால் இவை ஊமையாகிவிடும். கேனான் எல்பிபி2900இன் கேப்ட் மொழி இந்த வகை. ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: இவற்றுக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினி ஃபர்ம்வேரை (பிரிண்டரின் உள்மென்பொருள்) ஏற்றிவிட வேண்டும். குழாய்ப் பெட்டிக்கு அது தெரியாது. முதல் நாள் யூஎஸ்பியில் இணைத்துச் சோதித்தபின் பெட்டிக்கு மாற்றினால் வேலை செய்யும், ஒரு மின்தடைக்குப் பின் செத்துவிடும்.

இரண்டாவது வகை யூஎஸ்பி டிவைஸ் சர்வர். கணினியில் அதன் மென்பொருளை நிறுவினால், பிரிண்டர் நேரடியாகச் செருகியிருப்பதாகவே கணினி நம்பும். ஹோஸ்ட் பேஸ்டு பிரிண்டரும், ஸ்கேனரும்கூட ஓடும். பதிலுக்கு, ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பிடித்துக்கொள்ள முடியும். வேலை முடிந்ததும் தானாக விடுவிக்கும் ஆட்டோ கனெக்ட் தேர்வு இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம், ஒருவர் பிடித்துவிட்டு மதிய உணவுக்குப் போனால் மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டும். ரவுட்டரின் யூஎஸ்பி போர்ட்டும் பெரும்பாலும் இந்தச் சாதியே, மென்பொருள் இன்னும் மோசம். நான்கு பேர் இருக்கும் இடத்துக்குப் போதும்.

ராஸ்பெர்ரி பை போன்ற சிற்றட்டையில் லினக்ஸும் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளும் ஏற்றுவது தனி ரகம். கறாராகச் சொன்னால் அதுவும் சர்வர்தான், தீப்பெட்டி அளவில். பழைய யூஎஸ்பி லேசரை ஏர்பிரிண்டாக (ஆப்பிளின் டிரைவர் வேண்டாத அச்சு முறை) மாற்றி ஃபோன்களுக்கும் காட்டும், பொது வரிசையும் கிடைக்கும். வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: தயாரிப்பாளர் தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் செயலிக்கு மட்டும் என்றால் இந்த அட்டையில் ஓடாது. அலுவலகத்தில் லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் இதைப் பரிந்துரைப்போம்.

மேகம் வழியாக அச்செடுப்பதை இரண்டு வரியில் முடிக்கலாம். கூகுள் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் யுனிவர்சல் பிரிண்ட் இருக்கிறது, ஆனால் சந்தா வேண்டும், பழைய பிரிண்டர் என்றால் கனெக்டர் என்று எப்போதும் அணையாத ஒரு கணினியும் வேண்டும்.

வைஃபையும் மற்ற வலைகளும்

பிரிண்டரை வைஃபையில் போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. லேன் கேபிள் நூறு மீட்டர் வரை போகும், இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் கவனிக்க வேண்டியவை: பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து அச்சு வராது, அது குறையல்ல, பாதுகாப்பு. ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் இயங்கினால் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காது. நெட்வொர்க்கை விலேன்களாக (தனித்தனி உள்வலைகளாக) பிரித்திருந்தால் ஏர்பிரிண்ட் போன்ற தானியங்கித் தேடல் எல்லை தாண்டாது, ஐபி கொடுத்துச் சேர்த்தது தாண்டும், இடையில் ஃபயர்வால் விட்டால்.

சந்தேகம் வந்தால் சோதனை மூன்று படி. பிரிண்டரின் முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள். ப்ரவுசரில் அதே முகவரியைத் தட்டி அதன் பக்கம் திறக்கிறதா பாருங்கள். பிறகு 9100 திறந்திருக்கிறதா என்று பவர்ஷெல்லில் சோதியுங்கள். பிங் வருகிறது, அச்சு மட்டும் வரவில்லை என்றால் பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் பிங் கொடுங்கள். அப்போதும் பதில் வந்தால் வேறு ஏதோ ஒரு கருவி, பெரும்பாலும் யாருடைய ஃபோனோ, அதே முகவரியில் குடியேறியிருக்கிறது.

ப்ரவுசரில் பக்கம் திறக்கும்போதே அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். தேவையில்லாத டெல்நெட், எஃப்டிபி இரண்டையும் அணையுங்கள். வீட்டிலிருந்து அச்செடுக்க வசதி என்று ரவுட்டரில் 9100ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடுவது தற்கொலைக்குச் சமம், அந்த போர்ட்டில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. பிரிண்டர் இணையத்தோடு பேச வேண்டிய அவசியமில்லை என்றால் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) கட்டத்தைக் காலியாக விடலாம். மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்புவதும் ஃபர்ம்வேர் அப்டேட்டும் நின்றுவிடும் என்பதைத் தெரிந்து செய்யுங்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை ரவுட்டரும் சுவிட்சும் யூபிஎஸ்ஸில், லேசர் பிரிண்டர் நேராகச் சுவரில். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃபியூசர் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறு யூபிஎஸ் தாங்காது.

ஸ்கேன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அச்சு சரியாக வந்தபின் அடுத்த புகார் இதுதான். பழைய மல்டிஃபங்ஷன் இயந்திரங்கள் கோப்புறைக்கு ஸ்கேன் அனுப்ப எஸ்எம்பி1 பயன்படுத்தும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல் புதிதாக நிறுவும்போது அது அணைந்தே வருகிறது. அதை மீண்டும் இயக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இயந்திரத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் செய்து எஸ்எம்பி2 வருகிறதா பாருங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலுக்கோ யூஎஸ்பி பென் டிரைவுக்கோ ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு

மூன்றாம் தரப்புப் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. இனி விண்டோஸ் சார்ந்திருக்கப் போவது ஐபிபி என்ற பொது மொழி. மோப்ரியா (பிரிண்டர் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு) சான்று பெற்ற பிரிண்டர் என்றால் தனி டிரைவர் இல்லாமலே இணையும். ஆர்ம் செயலி உள்ள லேப்டாப்புகளில் வழக்கமான டிரைவர்கள் ஓடாது, அங்கே பெரும்பாலும் இதுதான் கதி. ஆனால் பொது டிரைவரில் பின் எண் கொடுத்து அச்செடுப்பது போன்ற தயாரிப்பாளரின் தனி வசதிகள் காணாமல் போகலாம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2இல் வந்த புரொடெக்டட் பிரிண்ட் மோடை ஆர்வக்கோளாறில் இயக்கிவிடாதீர்கள், மூன்றாம் தரப்பு டிரைவரில் ஓடும் பிரிண்டர்களையெல்லாம் அது கழற்றிவிடும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை: லேன் சாக்கெட், பிசிஎல்6 அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட், மோப்ரியா, ஏர்பிரிண்ட், ஸ்கேன் இருந்தால் எஸ்எம்பி2க்கு மேல். லேன் உள்ள மாடலுக்கும் இல்லாததற்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குபவர்கள், பிறகு வாங்கப் போகும் பெட்டியின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம். யார் எத்தனை பக்கம் அடித்தார் என்ற கணக்கு வேண்டும், ஆளுக்கு இத்தனை என்று வரம்பு வேண்டும், கணினிகள் இருபதைத் தாண்டிவிட்டன என்றால் மட்டும் சர்வர் பற்றி யோசியுங்கள்.

நிறுவி முடித்த அன்றே பிரிண்டர், ரவுட்டர் இரண்டையும் அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பிரிண்டர் அதே முகவரியோடு எழுந்திருக்கிறதா, இரண்டு கணினிகளிலிருந்து அச்சு வருகிறதா பாருங்கள். வந்தால் அந்த ஐபி, மேக் முகவரி, டிரைவரின் பெயர் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் அதே பிரிண்டரிலேயே அடித்து, அதன் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.